பத்தொன்பது நாள் மூடாத பதிவேடு

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டக்கா என்று பேர். எதிரே நிற்கும்போது வெறும் அக்கா. அவர் முதுகு திரும்பியதும் முன்னால் பூட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது நாற்பத்தாறு. வீட்டைப் பூட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறிவந்து மூன்றாம் தரமும் இழுத்துப் பார்ப்பவர். "எங்க அண்ணி இழுக்கற இழுப்புக்குத் திருடனே வேண்டாம், பூட்டு தானா கையோட வந்துடும்" என்பாள் நாத்தனார். கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவர் மட்டும் இந்தக் கேலியில் சேர்ந்துகொள்வதில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நம்பிக்கை இல்லாதவள் அல்ல, ஒரு முறை நம்பி ஏமாந்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

ஏமாந்தது முந்தைய வேலையில். சர்வருக்குள் காவல் என்று ஒன்று உண்டு. அது ஆளின் முகத்தைப் பார்க்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். எந்த நிரல் எந்த லேபிளைத் தொடலாம் என்று விதிகள் எழுதி வைத்திருக்கும். விதியில் இல்லாததை யார் கேட்டாலும் கிடையாது. அந்த வேலையில் ஒரு நாள் ஏதோ நிரல் அடம்பிடிக்க, அரை மணி நேரத்துக்கு என்று காவலை அணைத்தார். திரும்பப் போட மறந்துபோனார். எட்டு மாதம் அப்படியே கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொல்லிக்கொண்டார். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அவரிடம் சான்று இல்லை. நடந்ததை எழுதிவைக்கிற காவலைத்தான் அவர் அணைத்திருந்தார். கெட்டது நடந்தது தெரிந்தால் வருந்தித் தீர்க்கலாம். நடந்ததா இல்லையா என்றே தெரியாததை என்ன செய்வது? அதன்பிறகு அவர் காவலை அணைத்ததில்லை.

நடந்த சம்பவத்துக்கு வருவோம்.

கட்டுப்பாட்டு அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும், வண்டிக்குப் போகும் ஒவ்வொரு செய்தியும், அது எந்த நொடியில் கிளம்பி எந்த நொடியில் வண்டியில் இருக்கும் செய்திப் பெட்டியில் விழுந்தது என்பதும் வரி வரியாகப் பதிவேட்டில் ஏறும். தினமும் நள்ளிரவில் ஒரு சிறிய நிரல் அன்றைய பதிவேட்டை மூடி, முத்திரையிட்டு, சேமிப்புக்கு அனுப்பிவிட்டுப் புதியதைத் திறந்து வைக்கும். முத்திரையில் இரண்டு செய்திகள் இருக்கும். மூடியது இயந்திரமா ஆளா என்பது ஒன்று. மூடும்போது காவல் விழித்திருந்ததா என்பது இன்னொன்று. விசாரணையில் இயந்திரம் மூடிய, காவல் விழித்திருந்த பதிவேடுதான் செல்லும். ஆள் கைபட்டதையும், திறந்து கிடப்பதிலிருந்து வெட்டி எடுத்ததையும் தொடமாட்டார்கள். நியாயமான ஏற்பாடுதான். அன்று காலை வரை பூட்டக்காவும் அதை நியாயம் என்றே நினைத்திருந்தார்.

பகல் பதினொன்று பத்துக்கு விசாரணைப் பிரிவிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஓர் ஓட்டுநர் மேல் புகார். பதினோரு நாளுக்கு முன், கை கால் இழுத்துக்கொண்ட கடைக்காரர் ஒருவரை ஏற்றப் போன வண்டி ஆறு நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறது. கடைக்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை வரவில்லை. செய்தி உடனே போய்விட்டது என்கிறது கட்டுப்பாட்டு அறை. தன் பெட்டி ஒலித்ததே ஆறு நிமிடம் கழித்துத்தான் என்கிறார் ஓட்டுநர். விசாரணை இன்று மூன்று மணிக்கு. அன்றைய பதிவேடு சேமிப்பில் இல்லையே, எங்கே?

பூட்டக்கா பார்த்தார். அன்றைய பதிவேடு மட்டுமல்ல, பத்தொன்பது நாளாக எந்தப் பதிவேடும் சேமிப்புக்கு வரவில்லை. எல்லாம் ஒரே கோப்பாக, மூடாமல், வீங்கிக் கிடந்தது. சர்வரின் வட்டு தொண்ணூற்று மூன்று சதவீதம் நிறைந்துவிட்டது. தொண்ணூறைத் தாண்டியதும் அழைப்புகளை எழுதும் நிரல், வட்டு நிறைகிறது, வட்டு நிறைகிறது என்று நொடிக்கு நொடி எச்சரித்து, அந்த எச்சரிக்கையையும் அதே வட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறது என்று கத்திக்கொண்டே குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி. இந்த வேகத்தில் போனால் மூன்று மணிக்குள் நிறைந்துவிடும். நிறைந்தால் அழைப்பு எடுப்பவர்களின் திரைகள் உறையும்.

அறைக்கு வெளியே பெஞ்சில் அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். தேவையில்லாமல் ஹாரன் அடிக்காதவர், வளைவில் வேகம் குறைப்பவர். அதனால் சக ஓட்டுநர்கள் வைத்த பேர் நிதானம். புகார் வந்த நாளிலிருந்து அந்தப் பேர் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. பேரிலேயே இருக்கே, எப்படி சீக்கிரம் வருவான் என்று தேநீர் இயந்திரத்துப் பக்கம் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. இன்று முடிவு எதிராக வந்தால் வேலை போகும், வண்டி ஓட்டும் உரிமமும் போகும்.

"அக்கா, அந்தப் பதிவு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கு. மூடல. மூடணும்" என்றார் பூட்டக்கா.

முதலில் செய்ததை இப்போது நினைத்தாலும் அவருக்கு உடம்பு கூசும். வழக்கப்படி காவலின் குறிப்பேட்டைத் திறந்தார். எந்த நிரலை எங்கே தடுத்தது என்று காவல் அதில் எழுதும். மூடும் நிரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் தடுத்தது காவல் இல்லை என்று முடிவுகட்டி, முக்கால் மணி நேரம் வேறு இடங்களில் தேடினார். பிறகு, தினமும் வந்து விழும் இருநூறு அஞ்சல்களுக்கு நடுவே, மூடும் நிரல் இரவுதோறும் அனுப்பியிருந்த பத்தொன்பது அஞ்சல்களைக் கண்டார். பிரிக்கப்படாதவை. பத்தொன்பதிலும் ஒரே வரி: அனுமதி இல்லை.

காவல் தடுத்திருக்கிறது, ஆனால் எழுதவில்லை. சில்லறை மறுப்புகளை எழுதிக் குறிப்பேட்டை நிரப்பாதே என்று விதிகளுக்குள் ஒரு விலக்கு உண்டு. மௌனமாக மறுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பேசாதவர் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது மனிதர்களிடம் செய்யும் தவறு. அதையே இயந்திரத்திடமும் செய்திருந்தார். விலக்கை நீக்கி, எல்லா மறுப்பையும் எழுது என்று காவலுக்குக் கட்டளையிட்டார். அது காவலை அணைப்பது ஆகாது. வாயைத் திறக்கச் சொல்வது. பிறகு, நள்ளிரவில் ஓடவேண்டிய நிரலை இயந்திரமே பன்னிரண்டு ஐம்பதுக்கு ஓட்டும்படி அட்டவணையை மாற்றினார். தானே ஓட்டினால் முத்திரையில் தன் பேர் விழும்.

காத்திருந்தபோது மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கு வேறு. திரைகள் உறைந்தால் அழைப்பு எடுப்பவர்கள் காகிதத்துக்குப் போகவேண்டும்; ஓர் அழைப்புக்கு நான்கு நிமிடம் கூடும். ஒரு மணி நேரத்தில் எழுபது அழைப்பு. கூடவே டேட்டாபேஸ் பார்க்கிறவரும் வந்தார். எந்த வேலைக்கும் ஒரு சுருக்கு வைத்திருப்பதால் அவருக்குக் குறுக்குவழி என்று பேர். காவலை அஞ்சு நிமிடம் அணைத்து, மூடி முடித்து, திரும்பப் போடலாம் என்றார். அது வேண்டாம் என்றால் வேறொரு கருவி இருக்கிறது. மறுப்புகளை அள்ளிப் போட்டால் அதுவே அத்தனைக்கும் அனுமதி எழுதிக் கொடுத்துவிடும்.

"கேட்டவனுக்கெல்லாம் சாவி கொடுக்கறதுக்குப் பேர் பூட்டு இல்ல" என்றார் பூட்டக்கா.

மேலாளர் பெஞ்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். தொண்ணூற்று ஐந்து.

"மேடம், அந்த ஆளுக்காக நான் வருத்தப்படாம இல்ல. ஆனா இப்ப எங்கயோ ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சிட்டு போன் பண்ணிட்டு இருப்பாரு. அவரு முகம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

பெஞ்சில் இருப்பவரின் முகம் தெரியும் என்பது அவருக்குக் கூடுதல் உரிமை தருமா? தராது என்றுதான் அறிவு சொல்லும். பூட்டக்கா வாதாடாமல் ஒரு எல்லை மட்டும் கேட்டார். தொண்ணூற்றொன்பது. அதைத் தொட்டால் தானே காவலை அணைப்பதாகச் சொன்னார். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார். அது சம்மதமும் கண்காணிப்பும் சேர்ந்த உட்காரல்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நிரல் ஓடியது, நின்றது. இந்த முறை காவல் வாயைத் திறந்தது. நாற்பது வரிகளுக்கு மேல் கொட்டியது. முக்கால்வாசி எப்போதும் இருக்கிற முனகல். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்ததில் ஒரு வரி நின்றது. மூடும் நிரல் பதிவேட்டு அறைக்குள், அதாவது பதிவேடு இருக்கும் கோப்புறைக்குள், பார்க்கக் கேட்டது, மறுக்கப்பட்டது. காரணம், அந்த அறையின் லேபிள். அது பதிவேடு என்று சொல்லவில்லை. ஒருவருடைய சொந்த வீடு என்று சொல்லியது.

யாருடைய வீடு என்று பார்க்கத் தேவையில்லை. பூட்டக்காவுடையது.

பத்தொன்பது நாளுக்கு முன் கணவருக்குக் கண் அறுவை. ஊசியில் நூல் கோக்க முடியாத தையல் இயந்திரக்காரர் எத்தனை நாள் வேலை செய்வார்? ஐந்து மணிக்கு மருத்துவமனையில் இருக்கவேண்டும். அன்று மதியம்தான் பதிவேட்டைப் புதிய வட்டுக்கு மாற்றும் வேலை. சர்வரில் தன் வீடாக ஒதுக்கப்பட்டிருக்கும் அறையில் கோப்புறைகளைச் செய்து வைத்துவிட்டு, அங்கிருந்து புதிய வட்டுக்கு நகர்த்தினார். நகல் எடுத்திருந்தால் போகிற இடத்தின் லேபிள் ஒட்டியிருக்கும். நகர்த்தினால் பழைய லேபிளே கூட வரும். வீடு மாறியும் முகவரி மாற்றாதவர் மாதிரி. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொன்னவர்.

அதைவிட மோசமானது அடுத்தது. கிளம்பும் முன் மூடும் நிரலை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். அழகாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? ஓட்டியவர் அவர். அவர் கையால் ஓட்டும்போது நிரல் அவருடைய உரிமையோடு ஓடும், காவல் வழிவிடும். நள்ளிரவில் இயந்திரம் ஓட்டும்போது அது வெறும் மூடும் நிரல், காவல் நிறுத்தும். அழைப்பை எழுதுகிற நிரலை இன்னும் காவலின் கண்காணிப்புக்குள் கொண்டுவரவில்லை, அதனால் அது தடையில்லாமல் எழுதிக்கொண்டே இருந்தது. மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பவர், அன்று தன் சாவியாலேயே திறந்து பார்த்துவிட்டு, கதவு எல்லோருக்கும் திறக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"தப்பு என்னோடது சார்" என்றார்.

"அத அப்புறம் பேசலாம். இப்ப தொண்ணூத்தாறு."

அந்த நேரம் பார்த்து நாத்தனாரிடமிருந்து போன். அலமாரிச் சாவி எங்கே, அண்ணனுக்குக் கண் மருந்து விடவேண்டும், மருந்து அலமாரிக்குள் மாட்டிக்கொண்டது. "மருந்தைக்கூடவா அண்ணி பூட்டுவீங்க? கண்ணையும் சேத்துப் பூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

அனுமதி எதுவும் புதிதாக எழுதவேண்டியதில்லை. விதி சரியாகத்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாதே என்று அது சொன்னதில் என்ன பிழை? இந்தப் பாதையில் இருப்பது பதிவேடு, இதற்குரிய லேபிள் இது என்று காவலின் புத்தகத்தில் நிரந்தரமாக எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் அத்தனைக்கும் லேபிளை மாற்றச் சொன்னார். பதிவேடு ஒன்றுதான், அதோடு கிடக்கும் துணைக் கோப்புகள் பல்லாயிரம், வெகுநேரம் பிடித்தது. அட்டவணையில் அடுத்த நேரம் ஒன்று நாற்பது.

ஒன்று நாற்பதுக்கு நிரல் உள்ளே போனது. பதிவேட்டை மூடியது. முத்திரை குத்தப் போய் நின்றது. அனுமதி இல்லை.

மேலாளர் எழுந்தார். திரையில் தொண்ணூற்று ஏழு.

ஒரு மறுப்பு தீர்ந்தால்தான் அடுத்த மறுப்பு தெரியும். முதல் கதவிலேயே நின்றவனுக்கு இரண்டாம் கதவு பூட்டியிருப்பது எப்படித் தெரியும்? அவர் குறிப்பேட்டின் கடைசி வரிகளைப் படித்தார். பதிவேட்டு அறையை ஒட்டி முத்திரை அறை. அன்று அதையும் சேர்த்தே நகர்த்தியிருக்கிறார். அதன் மேலும் அவர் வீட்டு லேபிள். நான் சொன்னேனே என்பதுபோல் குறுக்குவழி பெருமூச்சு விட்டார். பூட்டக்கா அவரிடம், நிரல் தொடும் பாதைகளை எல்லாம் வரிசையாக வாசிக்கச் சொன்னார். அவர் வாசிக்க வாசிக்க இவர் ஒவ்வொன்றின் லேபிளையும் பார்த்தார். முத்திரை அறை, தவறு. சேமிப்பு, சரி, அது பழைய வட்டிலேயே இருந்தது. தற்காலிகக் கோப்புறை, சரி. மூன்றாவதாகப் பூட்டிய கதவு இல்லை என்று உறுதியானதும் முத்திரை அறையின் லேபிளைத் திருத்தினார். முதல் தடவையே இப்படிச் செய்திருக்க வேண்டும். இதையும் சொல்லாமல் விடுவது சரியாகாது.

இரண்டு பத்து. தொண்ணூற்றெட்டு.

நிரல் ஓடத் தொடங்கியது. மூடியது. முத்திரை விழுந்தது. சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியது. முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்கே இருப்பதை அழிக்கும். பத்தொன்பது நாள் கோப்பு, நேரமாகும். நடுவில் காவலை அணைத்துக் கையால் இடம் காலிசெய்தால் விழுந்த முத்திரையும் கெடும். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. புள்ளி ஐந்து. அழைப்பு அறையில் யாரோ முகவரி கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது கண்ணாடி தாண்டி மெல்லக் கேட்டது. எந்த மாடிம்மா, எந்த மாடி. புள்ளி ஏழு. மேலாளர் மணிக்கட்டைப் பார்த்தார், ஆனால் அதில் கடிகாரம் இல்லை. பூட்டக்கா காவலை அணைக்கும் கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு, கடைசி விசையை மட்டும் அழுத்தாமல் விரலை மேலே வைத்திருந்தார். சொன்ன சொல் அது. தொட்டிருந்தால் அழுத்தியிருப்பார்.

புள்ளி ஒன்பது.

அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு எண் விழுந்தது. பதினான்கு.

யாரும் கை தட்டவில்லை. மேலாளர் நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். பூட்டக்கா தட்டி வைத்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். சில்லறை மறுப்புகளை எழுதாதே என்ற விலக்கைத் திரும்பப் போட்டார். முத்திரையைப் படித்தார்: மூடியது இயந்திரம், காவல் விழித்திருந்தது. விசாரணைப் பிரிவுக்குப் பதிவேட்டின் எண்ணை அனுப்பினார். நேரம் இரண்டு நாற்பத்தொன்று.

வெளியே வந்தபோது நிதானம் எழுந்து நின்றார்.

"அதுல என்ன இருக்குன்னு பாத்தீங்களா அக்கா?"

"பாக்கல."

"ஒருவேளை எனக்கு எதிரா இருந்தா?"

"அதனாலதான் பாக்கல. பாத்திருந்தா என் கை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, விசாரணை அறை இருக்கும் மாடிக்கு ஏறினார். வழக்கம்போல் மெதுவாக.

பதிவேட்டில் இருந்தது இதுதான்: செய்தி கிளம்பியது நாலு பன்னிரண்டு, வண்டிப் பெட்டியில் விழுந்தது நாலு பதினெட்டு, மூன்றாம் முயற்சியில். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அறை உடனே அனுப்பியது. வண்டிக்கு உடனே போகவில்லை. நிதானத்தின் வேலையும் உரிமமும் நிலைத்தன. கடைக்காரரின் வலது கை திரும்பவில்லை. வண்டிப் பெட்டிகளைச் சோதிக்க இன்னொரு குழு போட்டார்கள்.

பத்தொன்பது நாள் ஏன் மூடவில்லை என்று எழுத்தில் கேட்டார்கள். அறுவை பற்றி அவர் எழுதவில்லை. நகல் எடுக்காமல் நகர்த்தினேன், இயந்திரத்தை ஓட்டவிடாமல் நானே ஓட்டிப் பார்த்துச் சரி என்றேன், வந்த அஞ்சலைப் பிரிக்கவில்லை என்று மூன்று வரி. எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. அவர் அதை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுவாரம் தேநீர் இயந்திரத்தருகே நிதானம் அவரைப் பார்த்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"உங்களுக்கு எதுக்கு அக்கா எச்சரிக்கை?"

"தாமதத்துக்கு."

"எவ்வளவு?"

"பத்தொன்பது நாள்."

அவர் கோப்பையை நிரப்பி முதலில் அக்காவிடம் நீட்டினார்.

"என்னை ஆறு நிமிஷத் தாமதத்துக்கே விசாரணையில நிறுத்துனாங்க" என்றார். "நிதானங்கற பேர இனிமே நீங்களே வச்சுக்கோங்க."